சாவி எங்களிடம்தான் இருந்தது

போன வாரம் நம் மேனேஜர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேள்வி வந்தது. லாஸ்பேட்டைப் பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி கேட்டிருந்தார். "பேஸ்மென்ட்டுல வேலை நடக்குது. காரையெல்லாம் தெருவுல விடச் சொல்லியிருக்கோம். ஒரு கார் கண்ணாடிய யாரோ உடைச்சிட்டாங்க. அசோசியேஷன் பொறுப்பா, ஓனர் பொறுப்பா?"

பதில்கள் குவிந்தன. "ஓனர் ரிஸ்க்னு நோட்டீஸ் ஒட்டினீங்களா? ஒட்டியிருந்தா நிம்மதியா தூங்குங்க" என்று ஒருவர் எழுத, அதற்குக் கீழே கட்டைவிரல்கள் வரிசையாக விழுந்தன. நான் அந்தக் குழுவில் இருப்பதே உங்களில் பலருக்குத் தெரியாது. ஓய்வு பெற்றவனை நீக்க யாருக்கும் நினைவு வரவில்லை, அவ்வளவுதான். போனில் இவ்வளவு நீளம் தட்ட என் விரலுக்கு வராது என்பதால் தாளில் எழுதித் தட்டச்சு செய்யக் கொடுத்திருக்கிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் சட்டம் படித்தவன். சில காலம் கறுப்புக் கோட்டோடு கோர்ட் வராந்தாவில் நின்றுவிட்டு, பிழைப்புக்காக வேறு வேலைகளுக்குப் போய், கடைசியில் நெல்லித்தோப்பில் ஒரு குடியிருப்புக்கு மேனேஜராக வந்து சேர்ந்தேன். நிறுத்த இடம் மட்டும் கொடுத்தால் ஒரு நியாயம். சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டால் வேறு நியாயம். சாவி உங்கள் கைக்கு வந்துவிட்டால் வண்டி உங்கள் காவலில் இருந்ததாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். உங்கள் சொந்த வண்டி என்றால் எவ்வளவு அக்கறையாகப் பார்த்திருப்பீர்களோ அவ்வளவு அக்கறை காட்டினீர்களா என்று கேட்பார்கள். நீங்கள் ஒட்டிய நோட்டீஸ் உங்களை முழுக்கக் காப்பாற்றாது. மீதியை உங்கள் வக்கீலிடம் கேளுங்கள்.

இவ்வளவும் எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துகொண்டு நான் செய்ததைத்தான் எழுத வந்தேன்.

எங்கள் குடியிருப்பில் சாவியை ஆபீசில் கொடுத்துவைக்கும் வழக்கம் ஒன்று உண்டு. பாதி வீட்டுக்காரர்கள் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள். வருடத்தில் பல மாதம் பிரான்ஸில் மகன் வீட்டில், மகள் வீட்டில் இருப்பார்கள். கார் பேஸ்மென்ட்டில் நிற்கும், சாவி ஆபீஸ் போர்டில் தொங்கும். வாரத்துக்கு ஒருமுறை வாட்ச்மேன் முருகையன் ஒவ்வொன்றையும் ஸ்டார்ட் செய்து உறுமவிடுவார். ஊரில் இருப்பவர்களும் பார்த்துப் பழகி இன்னொரு சாவியைக் கொடுத்துவிடுவார்கள். இதற்கு எழுத்தும் இல்லை, கட்டணமும் இல்லை. நம்பிக்கை மட்டும்தான்.

ஒரு வருடம் வக்கான்ஸுக்கு, அதாவது ஆகஸ்ட் விடுமுறைக்கு, பாரிஸிலிருந்து வந்த மாப்பிள்ளை ஒருவர் மாமனார் கார் என்று நினைத்து, போர்டிலிருந்து வேறு சாவியை எடுத்து, அதே வெள்ளை நிறத்தில் இருந்த பக்கத்து வீட்டுக் காரை ஓட்டிக்கொண்டு வீராம்பட்டினம் கடற்கரைக்குக் குடும்பத்தோடு போய்விட்டார். கார்க்காரர் போலீசுக்குப் போய்விட்டார். மாப்பிள்ளை திரும்பி வந்தபோது சீட்டெல்லாம் மணல், டிக்கியில் மீன். அந்தக் கூத்துக்குப் பிறகு சாவி போர்டை ஒரு அலமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். அலமாரிச் சாவி என் சட்டைப் பையில். எல்லோரும் நல்ல ஏற்பாடு என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். மழைக்காலம் வருவதற்குள் பேஸ்மென்ட் சுவரில் கசிவை அடைக்க வேண்டியிருந்தது. கான்ட்ராக்டருக்கு ஆகஸ்ட் நடுவில்தான் ஆள் ஒழிந்தது. சரி என்றேன். எங்கள் தெருக்கோடியில் இருக்கும் மாதா கோயிலுக்கு அதே வாரம்தான் திருவிழா, கடைசி நாள் சாயந்திரம் தேர்ப்பவனி எங்கள் தெரு வழியாகத்தான் வரும். நெல்லித்தோப்பில் வேலை பார்த்துக்கொண்டு இது எனக்குத் தோன்றவில்லை. என் வீடு லாஸ்பேட்டையில். சாயந்திரமானால் கிளம்பிவிடுகிறவனுக்கு அந்தத் தெரு பகலில் மட்டும்தான் தெரியும்.

நோட்டீஸ் நானே எழுதினேன். பேஸ்மென்ட் ஒரு வாரம் மூடப்படும், வண்டிகளை அவரவர் பொறுப்பில் தெருவில் நிறுத்திக்கொள்ளவும் என்பது முதல் வரி. தெருவில் நிற்கும் வண்டிகளைத் தேவைப்பட்டால் நகர்த்தச் சாவியை ஆபீசில் கொடுத்துவைக்கவும் என்பது இரண்டாவது வரி. முதல் வரியை இரண்டாவது வரி தின்றுவிடுகிறது என்பது சட்டக் கல்லூரி மாணவனுக்கே புரியும். எழுதும்போது எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது, படிக்கிறவர்களுக்குப் புரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது மாடியில் ஃபெலிக்ஸ் என்பவர் இருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் ஃபெலிக்ஸ் முசே, அதாவது பிரெஞ்சில் ஐயா. மனைவி தெரேசம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய், செவ்வாயும் வெள்ளியும் கோரிமேடு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். முடித்துத் திரும்பும்போது அந்த அம்மாவுக்குத் தலை நிற்காது, வாந்தி வரும். அதனால் முசே தன் பழைய சின்னக் காரின் முன்சீட்டைப் பின்னுக்குத் தள்ளி, தலையணை கட்டி, ஏறக்குறையக் கட்டில் மாதிரி செய்து வைத்திருந்தார். வெயில் படாமல் லிஃப்டிலிருந்து நேராகக் காரில் ஏறலாம் என்பதற்காகத்தான் பேஸ்மென்ட் உள்ள வீடாகத் தேடி வாங்கினார்கள்.

பவனி நாள் சாயந்திரம் முசேயும் தெரேசம்மாவும் கோயிலில் இருந்தார்கள். அம்மா சக்கர நாற்காலியில். வாசலில் நின்ற காரைப் பற்றி முசேக்குக் கவலையில்லை. சாவி ஆபீசில் இருக்கிறது, தேர் வந்தால் நகர்த்திவிடுவார்கள். நோட்டீஸ் அப்படித்தானே சொல்கிறது?

நான் அலமாரியைப் பூட்டிக்கொண்டு லாஸ்பேட்டை போய்விட்டேன். முருகையன் போன் செய்தார். மணி அடித்தது, பெயரைப் பார்த்தேன், எடுக்கவில்லை. தண்ணீர் டேங்க் புகாராக இருக்கும், காலையில் பார்க்கலாம் என்று தோசையைத் தின்றேன். திரும்பத் திரும்ப அடித்தது. போனைத் திருப்பி வைத்தேன்.

தேர் நின்றுவிட்டது. பின்னால் கூட்டம், முன்னால் கார். கோயில் இளைஞர்கள் நாலு பக்கமும் பிடித்துக் காரை அப்படியே தூக்கி ஓரமாகக் கொண்டுபோனார்கள். நம் தெருக்களில் இது புதிதில்லை. ஆனால் இறக்கிய இடத்தில் வாய்க்கால் மூடிய பலகைக்கல் உடைந்தது. கார் ஒரு பக்கமாக உள்ளே சரிந்து, கதவு சுவரில் நசுங்கி, முன்சக்கரம் கோணிக்கொண்டது. யாருக்கும் அடிபடவில்லை. தேர் போயிற்று.

மறுநாள் காலை முசே ஆபீசுக்கு வந்தார். கோபம் இல்லை.

"மாதாவுக்கு முன்னாடி என் காருதான் பவனி போச்சு, மேனேஜர். பசங்க தோள்ல தூக்காத கொறதான்" என்று சிரித்தார். பிறகு, "சாவி உங்ககிட்டதானே இருந்துச்சு?" என்றார்.

"ஆபீஸ்ல இருந்துச்சு முசே" என்றேன்.

அது பொய் இல்லை. கார் சாவி ஆபீசில்தான் இருந்தது. அதை எடுக்க முடியாமல் செய்த சாவி என் பையில் இருந்ததை நான் சொல்லவில்லை. வக்கீல் படிப்பு சொல்லிக்கொடுத்த நல்ல விஷயங்களையெல்லாம் மறந்துவிட்டு இந்த ஒரு வித்தையை மட்டும் பத்திரமாக வைத்திருந்தேன்.

"சரி, நம்ம மெக்கானிக்க வரச்சொல்லி இழுத்துக்கினு போவச் சொல்றேன். செவ்வாக்கெழம அவள கூட்டிக்கினு போவணும்" என்றார்.

இங்கேதான் நான் பெரிய தப்பைச் செய்தேன். "தொடாதீங்க முசே" என்றேன். "கமிட்டி வந்து பாக்கணும். யார் மேல பொறுப்புன்னு முடிவாகணும். இப்ப ரிப்பேர் பண்ணிட்டா அத்தாட்சி போயிடும். உங்களுக்குத்தான் நஷ்டம்."

அவருக்கு நஷ்டம் இல்லை. அவருக்கு பென்ஷன் வருகிறது, அன்றைக்கே செலவு செய்து சரிபண்ணிக்கொண்டிருப்பார். அசோசியேஷன் மேல் வராதபடி ஒரு வழி கண்டுபிடிக்க எனக்குத்தான் நாள் வேண்டியிருந்தது. பட்டாளத்தில் இருந்தவர், சொன்னால் கேட்பவர். "தொடக்கூடாதுன்னா தொடமாட்டேன்" என்று போய்விட்டார். காரை வாய்க்காலிலிருந்து தூக்கி வைத்து மேலே ஒரு தார்ப்பாயைப் போட்டோம். அது அங்கேயே நின்றது.

கோயில் பையன்கள் வந்து, நாங்களே ஒர்க்‌ஷாப்புக்குத் தள்ளிக்கொண்டு போகிறோம் என்றார்கள். போலீஸ் கேஸ் ஆகலாம், தள்ளி நில்லுங்கள் என்று அவர்களையும் விரட்டினேன். ஆபீசில் எல்லோருக்கும் ஒரு கட்டளை போட்டேன். யாரும் முசேயிடம் ஸாரி சொல்லக் கூடாது. வண்டி ஏற்பாடு செய்து தருகிறோம் என்று வாய் தவறியும் சொல்லக் கூடாது. சொன்னால் பொறுப்பை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும்.

ஆபீசில் கணக்கு வேலை பார்த்தவள் ஷமீமா. வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. "சார், லிஃப்டுல பாத்தா குட்மார்னிங்காவது சொல்லலாமா?" என்று கேட்டாள். கேலி என்று தெரிந்தும் தெரியாத மாதிரி இருந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை டாக்ஸியில் போனார்கள். திரும்பும்போது தெரேசம்மா சீட்டில் வாந்தி எடுத்துவிட்டார். டிரைவர் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினான். இரண்டு மடங்கு வாங்கிக்கொண்டும் கத்தினான். அம்மா தன் முந்தானையாலேயே அந்தச் சீட்டைத் துடைத்ததை முருகையன் பார்த்திருக்கிறார். நானும் ஆபீஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெளியே போகவில்லை.

வெள்ளிக்கிழமை தெரேசம்மா டயாலிசிஸுக்குப் போகவில்லை. இன்னொருத்தன் வண்டியை நாறடித்துவிட்டுப் பேச்சு வாங்க என்னால் ஆகாது என்று சொல்லிவிட்டாராம். முசே கெஞ்சியிருக்கிறார். "நம்ம காரு வரட்டும், போவலாம்" என்பதோடு பேச்சு முடிந்துவிட்டது. அந்த வார இறுதியில் மூச்சுத் திணறல் வந்து ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது என்றார்கள்.

திங்கட்கிழமை காலை நான் உள்ளே வந்தபோது ஷமீமா கம்ப்யூட்டரைப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"தெரேசம்மாவ ஐசியூல வெச்சிருக்காங்க சார். நான் பாத்துட்டு வந்தேன்."

"நீ எதுக்குப் போன?"

"பாக்கத்தான். ஸாரியும் சொன்னேன்."

"நான் என்ன சொல்லியிருந்தேன், ஷமீமா?"

"சொன்னீங்க சார். எங்கண்ணன் கார வாங்கிக்கினு வந்து அன்னிக்கே கூட்டிக்கினு போறேன்னு இருந்தேன். நீங்க சொன்னீங்களேன்னு வுட்டுட்டேன். இப்ப அந்த அம்மாவுக்கு எதுனா ஒண்ணு ஆச்சுன்னா, நோட்டீஸ்ல மொத வரில பதில் இருக்குதா, ரெண்டாவது வரில இருக்குதா?"

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவள் விடவில்லை.

"யாரு ஒத்துக்கணும்னுதான சார் பயப்படறீங்க. நான் ஒத்துக்கிறேன்னு வெச்சுக்கோங்க. அலமாரி என் சீட்டுக்குப் பின்னாடிதான் இருக்குது."

ஒரு வருட அனுபவம்கூட இல்லாத பெண், என் பையில் இருந்த சாவிக்காகத் தன் பெயரைக் கொடுக்கத் தயாராக இருந்தாள். அவளைவிட நான் முப்பது வயது பெரியவன். அன்றைக்கு எனக்குள் ஏற்பட்டதை வெட்கம் என்று சொன்னால் சின்ன வார்த்தை. ஆனால் வேறு வார்த்தை தெரியவில்லை.

மெக்கானிக்குக்கு நானே போன் செய்தேன். மத்தியானம் கார் ஒர்க்‌ஷாப்புக்குப் போயிற்று. அவசரக் கமிட்டி கூட்டச் சொன்னேன். தலைவர் ஓய்வு பெற்ற பிரெஞ்சு டீச்சர், சுற்றி வளைத்துப் பேசினால் பிடிக்காது. அலமாரிச் சாவி என்னிடம் இருந்ததையும், போன் அடித்தபோது எடுக்காததையும், ரிப்பேரை நான் தடுத்ததையும் வரிசையாகச் சொன்னேன்.

"சட்டப்படி யார் பொறுப்பு?" என்று கேட்டார்.

"நம்ம பொறுப்புதான் மேடம்."

"இது எப்பத் தெரியும் உங்களுக்கு?"

"மொத நாளே தெரியும்."

வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்றுதான் எதிர்பார்த்தேன். "தெரேஸ் ஆஸ்பத்திரிலேருந்து வந்ததும் நீங்களே டயாலிசிஸுக்குக் கூட்டிட்டுப் போங்க, கார் ரெடியாகுற வரைக்கும்" என்றார். தண்டனையாகச் சொன்னாரா, மன்னிப்பாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ரிப்பேர் செலவை அசோசியேஷன் ஏற்றுக்கொண்டது. கோயில் பையன்கள் வந்து உடைந்த பலகைக்கல்லைப் புதிதாகப் போட்டுவிட்டுப் போனார்கள். யாரும் யாரிடமும் எழுதி வாங்கவில்லை.

இளையவர்களே, உங்கள் கேள்வி தப்பில்லை. பொறுப்பு யாருடையது என்று ஒருநாள் முடிவாகத்தான் வேண்டும். அதற்குக் கமிட்டி இருக்கிறது, இன்ஷூரன்ஸ் இருக்கிறது, கோர்ட்டும் இருக்கிறது. எல்லாம் மெதுவாக வரும், வரட்டும். கார் உடைந்த அன்று காலை நீங்கள் கேட்க வேண்டியது வேறு. இந்த வண்டி இன்றைக்கு எங்கே போக வேண்டியிருந்தது? அதில் யார் போக வேண்டியிருந்தது? அதற்கு வழி செய்துவிட்டு வந்து உட்கார்ந்து சட்டம் பேசுங்கள். உதவி செய்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால், நான் சொன்னதாகச் சொல்லுங்கள்: "முடிவு எடுக்கும்வரை, பொறுப்பை ஏற்காமல், உதவியாக மட்டும்" என்று ஒரு வரி எழுதிக்கொடுத்துவிட்டுச் செய்யலாம். அந்த வரி எனக்கும் தெரிந்திருந்தது. எழுத மனம் இல்லாமல் போயிற்று.

தெரேசம்மா பிழைத்து வந்தார். அடுத்த டயாலிசிஸுக்கு என் காரை எடுத்துக்கொண்டு போனேன். முன்சீட்டைத் தள்ளி என் வீட்டுத் தலையணையைக் கட்டியிருந்தேன். முசேக்கு அன்று காய்ச்சல், வரவில்லை. திரும்பும்போது கோரிமேட்டைத் தாண்டியதும் அம்மாவுக்குக் குமட்டியது. நான் ஓரம் கட்டுவதற்குள் வந்துவிட்டது. புடவையில், சீட்டில், கியர் மேலெல்லாம். அவர் முந்தானையை எடுத்தார்.

"வேணாம்மா. வுடுங்க. நான் பாத்துக்கிறேன்."

"கத்தமாட்டியா?"

"கத்தமாட்டேன்."

பாட்டில் தண்ணீரை எடுத்து அவர் கையைக் கழுவிவிட்டேன். துண்டை நனைத்துக் கொடுத்தேன். அப்போதுதான் சொன்னேன். கமிட்டியில் சொன்னதைவிட அது கஷ்டமாக இருந்தது.

"அம்மா, அன்னிக்கி தேர் வந்தப்ப அலமாரி சாவி என் பையில இருந்துச்சு. முருகையன் போன் பண்ணாரு, நான்தான் எடுக்கல. கார ரிப்பேர் பண்ணவுடாம நிறுத்தி வெச்சதும் நான்தான்."

அவர் கண்ணைத் திறக்காமலே துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியும் தம்பி" என்றார். "முருகையன் அன்னிக்கே சொல்லிட்டான்."

"பின்ன ஏம்மா கேக்கல? முசேயும் கேக்கலியே."

"கேக்கத்தான் போனாரு. நாந்தான் வேணான்னேன். கேட்டா நீ இல்லன்னு சொல்லிப்புடுவ. அப்புறம் எப்படி? தெனம் ஒரே லிஃப்டுல ஏறி எறங்கணும்."

நான் குனிந்து ஒரு துணியால் கியரைத் துடைத்தேன். பின்னால் வந்த வெளியூர் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே சுற்றிப் போயிற்று.

"கண்ணாடிய எறக்கு" என்றார் தெரேசம்மா. "நாத்தம் உனக்கு ஒத்துக்காது."